பறவை காணலும் பாடல் காணலும்: சங்கப் பாடற் புள்ளினங்களை வாசிக்கும் முறை குறித்து

சங்க இலக்கியத்தில் பறவைகள் என்னும் பொருளில் தமிழில் ஆய்வேடுகள் பல உருவாகியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை ஒரே கட்டமைப்பு உடையன. பறவைப் பெயர்கள் அகர நிரலில் நிற்கும். ஒவ்வொரு பெயரின் கீழும் பாடலெண்கள் வரிசைப்படும். உவமையாக வருமிடம் இத்தனை, உள்ளுறையில் வருமிடம் இத்தனை எனக் கணக்கு வரும். இறுதியில், பண்டைத் தமிழர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தனர் என்ற முடிபு வரும். அம்முடிபை எழுதப் பட்டியல் தேவையில்லை; பட்டியல் இல்லாமலும் எல்லோரும் அதனை எழுதியே வந்துள்ளனர். பட்டியலிலுள்ள பறவைகளுள் ஒன்றையேனும் ஆய்வாளர் ஒரு காலைப் பொழுது முழுவதும் நின்று நோக்கினாரா என்ற வினா மட்டும் அவ்வேடுகளில் எழுவதில்லை. பறவை நோக்குதல் ஓய்வுநேர இன்பம், பாடல் ஆய்வு துறைசார் உழைப்பு என்ற பிரிவினை நம்மிடையே உறுதிப்பட்டுவிட்டது. இப்பிரிவினை பாடல்களுக்கு இழப்பை உண்டாக்கியுள்ளது என்பதும், பறவை காணும் இன்பமே ஒரு திறனாய்வு முறையாக அமையக்கூடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகள்.

இவ்வழியில் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. புதுச்சேரியில் அரசுப் பணியாற்றிய பி.எல். சாமி 1970களில் எழுதிய 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' இத்துறையின் முதன்மை நூலாக இன்றும் நிற்கிறது. க. ரத்னம் தமிழில் வழங்கும் பறவைப் பெயர்களைத் திரட்டினார். அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் கானுயிர் குறித்து ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பாக வந்துள்ளன. இம்மூவருள் ஒருவரையும் நம் பாடத்திட்டங்கள் முறையாக உள்வாங்கவில்லை. தமிழ்த்துறைகளின் உரைநடை வரலாற்றுத் தாள்களில் கிருஷ்ணனின் பெயர் இடம்பெறாமை எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

ஊர்க்குருவியின் ஒரு நாள்

குறுந்தொகை 46ஆம் பாடல் மாமிலாடனார் பாடியது. பிரிந்து சென்ற தலைவன் இருக்கும் நாட்டிலும் மாலைப்பொழுதும் தனிமையும் உள்ளனவோ இல்லையோ எனத் தலைவி தோழியிடம் கேட்பது அதன் பொருள். இவ்வினாவுக்கு முன் பாடலின் பெரும்பகுதியை ஒரு சிட்டுக்குருவி நிறைத்துக்கொள்கிறது. வாடிய ஆம்பற்பூவை ஒத்த கூம்பிய சிறகுகள் அதற்கு உள்ளன. அது முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்கிறது. பொதுவிடத்தில் எருவின் நுண்பொடியில் குடைந்து ஆடுகிறது. வீட்டிறப்பில் தன் குஞ்சோடு தங்குகிறது.

வகுப்பறைகளில் இப்பகுதி 'இயற்கை வருணனை' என்ற தலைப்பின் கீழ் முடிந்துவிடும். சிட்டுக்குருவியைச் சில நாள் தொடர்ந்து கண்டவர்க்கு அஃது அவ்வளவில் முடிவதில்லை. வெயிலேறும் முன் தானியம் பொறுக்குதல், வெயில் காய்ந்து மண் பொடியானபின் புழுதியில் புரளுதல், ஒளி மங்கும் வேளையில் கூட்டமாக இரைந்துவிட்டு இறப்பில் ஒடுங்குதல் என்பனவே அப்பறவையின் அன்றாடம். புழுதிக் குளியல் விளையாட்டன்று. இறகில் மிகும் எண்ணெய்ப் பசையையும் ஒட்டுண்ணிகளையும் நீக்கும் செயல். புலவர் மூன்று காட்சிகளை அடுக்கவில்லை; ஒரு பகலை அதன் வரிசையில் நடத்திச் செல்கிறார். முற்றத்தில் தொடங்கி மன்றத்தின் வழியாக இறப்பில் முடியும் அந்நாளின் இறுதியில்தான் மாலை என்ற சொல் வருகிறது. தலைவி அப்பகல் முழுவதையும் குருவியைப் பார்த்தே கழித்திருக்கிறாள். அவளுடைய தனிமையின் நீளம் குருவியின் நடமாட்டத்தால் அளக்கப்படுகிறது. குஞ்சோடு ஒடுங்கும் குருவிக்கும் அவளுக்குமுள்ள முரண் உரைகளில் சுட்டப்படுவதுண்டு. முரணைவிடக் கால ஓட்டமே பாடலின் ஆற்றல் என்பது என் கருத்து.

இதே பறவை வடம வண்ணக்கன் தாமோதரனாரின் பாடலில், குறுந்தொகை 85இல், வேறொரு பயன்கொள்கிறது. துள்ளி நடக்கும் ஆண்குருவி, கருவுற்ற பேடைக்கு ஈனும் இல்லம் அமைப்பதற்காகக் கரும்பின் மணமற்ற வெண்பூவைக் கோதி எடுக்கிறது. அத்தகைய ஊரையுடைய தலைவன் பேரன்பினன் எனப்படுவது பாணனின் வாயளவில்தான் எனத் தோழி வாயில் மறுக்கிறாள். நடையைப் பற்றிய அடை சிறியது, ஆயினும் துல்லியமானது. மைனா காலை மாற்றி மாற்றி வைத்து நடக்கும்; சிட்டுக்குருவி இருகாலும் சேர்த்துத் துள்ளும். கூட்டுக்குரிய இடத்தைத் தேர்ந்து கட்டுமானத்தைத் தொடங்குவதும், பொருள் கொணர்வதில் பெரும்பங்கு ஏற்பதும் ஆண்குருவியே என்பதைப் பறவையியலாரும் கூறுவர். எனவே இப்பாடலின் குத்தல் கற்பனையான ஒரு குடும்பப் பறவையை நம்பி நிற்கவில்லை. ஊரார் அனைவரும் நாள்தோறும் காணும் உண்மையைச் சாட்சியாக வைத்துத் தலைவன் மறுக்கப்படுகிறான். உண்மை என்பதாலேயே அக்குத்தல் கூர்மை பெறுகிறது.

குருடான சாட்சி

கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடலைப் பற்றி எழுதாத திறனாய்வாளர் அரியர். களவு மணத்தின்போது வேறெவரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்திருந்த குருகு ஒன்று இருந்தது என்கிறாள் தலைவி. அக்குருகின் கால்கள் தினைத்தாள் போல மெல்லியனவாய்ப் பசுமை படர்ந்தவை. குருகு என்பதற்குக் கொக்கு என்றும் நாரை என்றும் பொருள் எழுதிக் கடந்துவிடுவது வழக்கம். கொக்கு என்றவுடன் மாணவர் மனத்தில் வெள்ளைக் கொக்கு வந்து நிற்கிறது. வயலோரம் கால்நடைகளோடு திரியும் உண்ணிக்கொக்கின் கால் கரியது. சின்னக் கொக்கின் காலும் கரியதே. பாதம் மட்டும் மஞ்சள். கபிலர் காலின் நிறத்தைக் கூறியிருக்கிறார். நாம் அதைப் படிக்கத் தவறுகிறோம்.

மெல்லிய, மங்கிய பச்சைநிறக் கால்களோடு ஓடைக்கரையில் நிற்கும் பறவை மடையான். உடல் மண்ணிறக் கீற்றுகளால் ஆனது. அமர்ந்திருக்கும்போது சேற்றிலிருந்தும் காய்ந்த புல்லிலிருந்தும் அதனைப் பிரித்தறிதல் அரிது. நாம் மிக அருகில் சென்றபின் திடீரென எழும். அப்போது சிறகின் வெண்மை பளிச்சிடும், அதுவரை அங்கொரு பறவை இருந்ததே தெரியாது. ஆள் நெருங்கும் வரை அசையாதிருப்பதால் இதற்குக் குருட்டுக் கொக்கு என்ற பெயரும் நாட்டுவழக்கில் உண்டு. பசுமை கலந்த காலுடைய கொக்கு வேறும் உண்டெனினும், தமிழக நீர்க்கரைகளில் எங்கும் காணத்தக்கது மடையானே.

மடையானை ஒருமுறை இவ்வாறு கண்டபின் பாடலின் கடைப்பகுதி வேறு வகையில் ஒலிக்கிறது. யாரும் இல்லை என்று தொடங்கிய தலைவி, பின்னரே குருகும் இருந்ததெனச் சேர்க்கிறாள். அச்சேர்ப்பு வெறும் இலக்கண உம்மையன்று. முதலில் கண்ணிற் படாமல் பின்பு புலப்படும் பறவை அது; அவள் நினைவிலும் அவ்வாறே பின்பு தோன்றுகிறது. அதன் கண்ணோ மீனின்மேல் உள்ளது. கிடைத்த ஒரே சாட்சி, ஊர் குருடு எனப் பெயரிட்ட சாட்சி. இந்நாட்டுப் பெயர் சங்ககாலத்தில் வழங்கியதென நான் வாதிடவில்லை. அப்பெயரை வைத்தவர்களும் கபிலரும் ஒரே நடத்தையைக் கண்டிருக்கிறார்கள் என்பதே இங்கு வேண்டுவது.

அன்றிலும் சாரசக் கொக்கும்

பறவை காணாமல் பொருள் எழுதுவதன் விளைவு அன்றிலில் மிகத் தெளிவாகப் புலனாகிறது. வடமொழிக் கிரௌஞ்சத்துக்கு அன்றில் என நம் அகராதிகள் பொருள் எழுதுகின்றன. வான்மீகியின் சோகத்துக்குக் காரணமான பறவையும் நெய்தற் பாடல்களின் பறவையும் இவ்வாறு ஒன்றாகிவிட்டன. இணை பிரியாமை என்ற ஒரு பண்பே இந்த இணைப்புக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. ஜூலியா லெஸ்லி 1998இல் வெளியிட்ட விரிவான கட்டுரையில் வான்மீகியின் கிரௌஞ்சம் சாரசக் கொக்கே என நிறுவினார். அம்முடிபை ஏற்போமாயின் அன்றிலின் நிலை என்ன?

குறுந்தொகை 160இல் மதுரை மருதன் இளநாகனார் அன்றிலின் தலை நெருப்பைப் போலச் சிவந்தது என்கிறார். பேடையின் அலகு இறால் மீனைப் போல வளைந்தது என்கிறார். கூடு தடா மரத்தின் உயர்ந்த கிளையில் உள்ளது என்கிறார். சாரசக் கொக்குக்கும் தலை சிவப்பு. இந்த ஒற்றுமை ஏமாற்றக்கூடியது. ஆனால் அதன் அலகு நேரானது. அது சதுப்பிலும் வயல் நீரிலும் தரையில் கூடு கட்டுவது. கிளையைப் பற்றி அமரும் காலமைப்பு அதற்கு இல்லை. தமிழகம் அதன் வாழிடமும் அன்று. ஆகவே அன்றில் சாரசம் ஆதல் இயலாது. வளைந்த அலகு, செந்நிற உச்சி, தனிமரக் கூடு ஆகிய மூன்றும் பொருந்துவது கருப்பு அரிவாள்மூக்கனுக்கே. அதன் உச்சந்தலையிலும் பிடரியிலும் உள்ள இறகற்ற தோல் செம்பரு நிறைந்து சிவந்திருக்கும். நீர்ப்பறவைகளின் பெருங்கூட்டத்தோடு சேராமல் உயர்ந்த மரத்திலும் பனையிலும் அது கூடமைக்கும். பனைமரத்து அன்றிலைச் சங்கப் புலவர் பலர் பாடியிருத்தல் இதனோடு இயைகிறது.

தமிழகத்துக்கு வெளியே தமிழ் பயிற்றுவோர்க்கு இங்கு ஒரு வாய்ப்பு உண்டு. சாரசக் கொக்கு உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவை. எடாவா, மைன்புரி மாவட்டங்களின் வயல்களிலும், தில்லிக்கு அண்மையிலுள்ள தனௌரி நீர்நிலையிலும் அதனைக் காணலாம். கருப்பு அரிவாள்மூக்கனும் அதே நிலப்பகுதியில் வாழ்கிறது. வான்மீகியின் பறவையையும் இளநாகனாரின் பறவையையும் ஒரே காலையில் கண்டு வேறுபடுத்தும் பேறு மதுரையிலுள்ள ஆய்வாளர்க்குக் கூடக் கிடைப்பதில்லை.

எனினும் இவ்வழக்கு இங்கு முழுமையாகத் தீரவில்லை. குறுந்தொகை 301இல் குன்றியனார் அன்றிலைப் பனைமடலில் சிறு குச்சிகளால் ஆன கூட்டில் வைத்துப் பாடுகிறார். ஆனால் அதன் காலைக் கரியது என்கிறார். கருப்பு அரிவாள்மூக்கனின் கால் செங்கல் நிறமுடையது. கரிய காலுடைய வெள்ளை அரிவாள்மூக்கனுக்குத் தலையும் கருமையே, சிவப்பில்லை. இளநாகனாரின் அன்றிலும் குன்றியனாரின் அன்றிலும் ஒரே உயிரினமாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை எனக் கொள்வதே நேர்மையானது. குருகு என்பது போல அன்றில் என்பதும் வளைந்த அலகுடைய சில பறவைகளுக்குப் பொதுப்பெயராக இருந்திருக்கலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் இலத்தீன் பெயரை ஒட்டிவிட்டு ஆய்வு முடிந்ததெனக் கருதும் ஆர்வம் இப்போது மிகுந்து வருகிறது. பட்டியலிடும் பழைய நோயின் புதிய வடிவம் அது.

புலவர் கண்டதையும் புனைந்ததையும் வேறுபடுத்தவும் இப்பயிற்சி உதவுகிறது. சத்திமுற்றப் புலவரின் நாரை விடு தூது பெரிதும் அறியப்பட்ட தனிப்பாடல். சிவந்த காலும் பிளந்த பனங்கிழங்கு போன்ற செவ்வலகும் செங்கால் நாரையைத் தெளிவாகக் காட்டுகின்றன. குளிர்காலத்தில் வடக்கிருந்து வலசை வந்து திரும்பும் பறவை அது என்பதையும் புலவர் அறிந்திருக்கிறார். ஆயின் செங்கால் நாரைகள் கணவனும் மனைவியுமாக வலசை செல்வதில்லை. இணைகள் தனித்தனியே பயணம் செய்து கூட்டில்தான் மீண்டும் சேர்கின்றன. அலகும் வழியும் கண்டவை. உடன்செல்லும் மனைவி புனைந்தது. குளிரில் நடுங்கும் வறிய புலவர் தம் வீட்டு நினைவைப் பறவைக்கு ஏற்றிய இடம் இதனால் நமக்குத் துல்லியமாகக் கிடைக்கிறது. பறவையியல் இங்குக் கவிதையைக் குறைக்கவில்லை.

கொடைமடமும் காவலும்

பறவைக்கு உதவுதல் என்றவுடன் தமிழ்க் கட்டுரைகளில் பேகன் வருவான். மயிலுக்குப் போர்வை அளித்ததைக் கொடைமடம் என்றே மரபு வழங்கியது. மடம் என்ற சொல்லில் அன்பும் உண்டு, விமர்சனமும் உண்டு. மயிலுக்குக் குளிரும் எனக் கருதியது மனிதனின் குளிரே. இறகுடைய உயிர்க்குப் போர்வை வேண்டுவதில்லை. அதற்கு வேண்டுவது புதரும் மரமும் அச்சமற்ற நிலமுமே. பேகனைக் குறைகூற இதனை எழுதவில்லை. சூழலியல் பேசும் மேடைதோறும் அவனையே முதற்சான்றாக நிறுத்துவது ஏன் என்பதே என் வினா.

அவனினும் சிறந்த சான்றுகள் எளிய ஊர்களில் உள்ளன. வேடந்தாங்கல் ஏரியின் மரங்களில் கூடமைக்கும் பறவைகளின் எச்சம் நீரில் கலந்து வயலுக்கு உரமாவதை உழவர் கண்டனர்; வேட்டையைத் தடுத்தனர். அவர்களின் முறையீட்டின் பேரில் 1798இல் செங்கற்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு ஆணை வழங்கினார். கருநாடகத்தின் மண்டியா மாவட்டத்திலுள்ள கொக்கரே பெள்ளூர் மற்றொரு சான்று. ஊர்ப்பெயரின் முற்பகுதி தமிழ்க் கொக்கோடு உறவுடைய கன்னடச் சொல். ஊருக்கு நடுவிலுள்ள புளிய மரங்களில் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூடு கட்டுகின்றன. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை ஊரார் எடுத்து வளர்த்து விடுகின்றனர். இவர்களிடம் பேகனுக்கு இருந்த அன்பு உண்டு. அதனோடு, பறவைக்கு எது வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கண்ட அறிவும் உண்டு.

இக்காலக் கவிதையில் கொடைமடத்தின் மறுபக்கம் இரங்கலாக வெளிப்படுகிறது. சிட்டுக்குருவி அழிந்துவிட்டது, அலைபேசிக் கோபுரம் அதனைக் கொன்றது என்ற புலம்பல் 2000க்குப் பின் வந்த கவிதைகளில் வாய்பாடாகிவிட்டது. 2018இல் வந்த '2.0' திரைப்படமும் இதனைப் பரப்பியது. நாடெங்குமுள்ள பறவை நோக்கர்கள் பதிந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளைக் கொண்டு 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி நாடளவில் பெரிதும் குறையவில்லை என்றும் பெருநகரங்களில் குறைந்துள்ளது என்றும் காட்டியது. இரங்குவோர் ஊர்க்குருவியை எண்ணிப் பார்க்கவில்லை.

அதே காலத்தில் உண்மையாகவே அழிவின் விளிம்புக்குச் சென்ற பறவைக்கு இரங்கல் கவிதை எழுதியவர் மிகச் சிலர். கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்குளோபினாக் என்னும் வலிநீக்கி, இறந்த விலங்கின் உடல்வழி பாறுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது 2004இல் அறிவியலார் உறுதிசெய்த செய்தி. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் 100க்கு 99க்கு மேல் மறைந்தது. அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை அரசு 2006இல் தடைசெய்தது. வேறு இரு மருந்துகள் 2023இல் தடைசெய்யப்பட்டன. பிணந்தின்னி என்ற இழிசொல்லால் அழைக்கப்பட்ட இப்பறவைகளைப் பாறு என்று மீண்டும் அழைக்கத் தொடங்கியவர்கள் தமிழ்த்துறையினர் அல்லர்; மோயாற்றுப் பள்ளத்தாக்கில் அவற்றைக் காக்க உழைக்கும் ஆர்வலர்கள். புறப்பாடல்களின் போர்க்களத்திலிருந்து ஒரு சொல் மீட்கப்பட்டுத் துண்டறிக்கையிலும் பள்ளிச் சுவரிலும் இன்று வழங்குகிறது. நாம் செய்திருக்க வேண்டிய பணி அது.

இன்னொரு சொல் காத்திருக்கிறது. ஆலந்தூர் கிழாரின் குறுந்தொகை 350இல், நீரற்ற பாலை வழியில் நெடிய காலுடைய கணந்துள் என்னும் பறவை ஆள் இருப்பைக் கூவி அறிவித்து வழிப்போக்கரை எச்சரிக்கிறது. வெட்டவெளியில் மனிதரைக் கண்டவுடன் கத்தி ஊரைக் கூட்டும் பறவைக்கு இன்றைய பெயர் ஆள்காட்டி. பாடல் கூறும் செயலும் பெயரின் பொருளும் ஒன்றே. நீர்க்கரையை நாடும் சிவப்புமூக்கு ஆள்காட்டியைவிட, வறண்ட பொட்டலில் வாழும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டி பாலைக்கு மேலும் பொருந்துவது. மரமற்ற நிலத்தில், வெறுந்தரையில் முட்டையிடும் உயிர் அது. அந்நிலத்துக்கு வருவாய்த்துறைப் பதிவேட்டில் தரிசு என்று பெயர். நடுவணரசு 2000இல் முதன்முறை வெளியிட்ட தரிசுநில வரைபடத் தொகுதியும் இத்தகைய வெளிகளைப் பயனற்றவை என்ற வகையிலேயே வைத்தது. 942 பறவையினங்களை மதிப்பிட்ட 2023ஆம் ஆண்டின் நிலை அறிக்கையோ, புல்வெளியையும் திறந்தவெளியையும் சார்ந்த பறவைகள் வேகமாகக் குறைவதைக் காட்டுகிறது. ஐந்திணையுள் ஒன்றாகப் பாலையை வைத்து, அதற்குரிய புள்ளையும் வகுத்துத் தந்த இலக்கணம் நம்மிடம் உள்ளது. ஒரு பொட்டலில் மரக்கன்று நடும் விழாவுக்குத் தமிழ்த்துறையினர் அழைக்கப்படும்போது, அவ்விடத்தில் ஆள்காட்டி முட்டையிடுகிறதா என முதலில் பார்த்துவரச் சொல்லலாம்.